அணைக்காத சூடம்

தை 6, செவ்வாய்

பனி. விடிந்து நெடுநேரம் ஆகியும் வாய்க்காலின் அக்கரை தெரியவில்லை. இரண்டு அரிவாள் தீட்டியாயிற்று. மூன்றாவதற்குப் பிடி ஆடுகிறது. இடது முழங்கால் வலி.

எங்கள் வேதக்கோயில் சபையிடம் நான் குத்தகைக்கு எடுத்த மூன்று மா நிலமும் தலைசாய்ந்து நிற்கிறது. அறுக்க இன்னும் சில நாள் போகட்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் சாமிக்கண்ணு உழுகிற பண்ணை நிலம். அவன் கதிர் என்னுடையதைவிட வாளிப்பு. பார்க்கக்கூடாது என்றுதான் போனேன். பார்த்துவிட்டேன்.

கஞ்சி குடிக்கும் நேரத்தில் கோவிந்தராசு வந்தான். பண்ணையாரின் காரியக்காரன். ஆள் அம்பு, அறுவடை, குத்தகை நெல், எல்லாம் அவன் கையில். எனக்கு அறுபத்து நாலு, அவனுக்கு நாற்பது இருக்கும். ஆனாலும் "என்னா ஞானமுத்து, கஞ்சியா?"

விஷயம் இது. அடுத்த வியாழன் தாசில்தார் சாவடிக்கு வருகிறார். புது அரசின் சட்டப்படி எந்த நிலத்தை யார் சாகுபடி செய்கிறார்களோ அவர்கள் பெயரைப் பதிவு செய்யப்போகிறார்கள். பதிந்துவிட்டால் நிலத்துக்காரர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. சாமிக்கண்ணு தன் பெயருக்கு மனு கொடுத்துவிட்டான். அவன் குத்தகைக்காரனே இல்லை, பண்ணையில் கூலிக்கு இருக்கிற ஆள் என்கிறார் பண்ணையார். குத்தகைக்கு எழுத்து எந்தக் காலத்தில் இருந்தது? வாய்ப்பேச்சுதான். ஆகவே பக்கத்து வரப்புக்காரன் சொல்வதே சாட்சி. பக்கத்து வரப்புக்காரன் நான்.

"கூலி ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அவன் மேல ஒனக்கு என்னா பரிவு? ஒன் வரப்ப வெட்டுன பய."

வெட்டியது உண்மை. வருஷா வருஷம் மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி, ஒரு குறுவையில் மடையே திறந்துகொண்டது. என் வயலில் கட்டியிருந்த தண்ணீர் முழுக்க அவன் வயலில். நட்ட நாற்று வெயிலில் காய்ந்தது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. பெண்டுகள் தண்ணீர்க் குழாயில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. "அவன் குத்தகைக்காரன்தான். எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

கோ.ராசு சிரித்தான். "எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்ல."

போகும்போது நின்று எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தான். இந்த வருஷம் கீற்று மாற்றவேண்டும் போலிருக்கிறதே என்றான். வீட்டு மனை பண்ணையுடையது. அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய். அரிவாள் பிடி. முழங்காலுக்குத் தைலம்.


தை 7, புதன்

பண்ணை வீட்டிலிருந்து கூப்பிட்டு ஆள் வந்தது. போனேன். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். நாங்கள் நிற்கிற இடம் கொல்லைப்பக்கம், வைக்கோல் போர் ஓரம். நின்றேன்.

பண்ணையார் நாற்காலியை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். தேர்தலுக்கு முன்பு ஒரு கரைத் துண்டு. தேர்தலுக்குப் பிறகு வேறு கரைத் துண்டு. தோள் அதே தோள்.

மற்றவர்கள் அவரை 'ஆண்டே' என்கிறார்கள். நான் 'ஐயா' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆண்டவர் ஒருவர்தான். இது அவருக்கு நெடுநாள் உறுத்தல். இன்றைக்கும் முதல் 'ஐயா'வில் புருவம் சுருங்கியது.

"என்னடா ஞானமுத்து, வேதக்காரன் பொய் சொல்லமாட்டானாமே?"

"சொல்லமாட்டேங்க ஐயா."

"நல்லதாப் போச்சு. தாசில்தார் வர்றதுக்கு மொத நாள் ஊர் கூடட்டும். பிடாரி கோயில் வாசல்ல சூடத்த அணைச்சு அவன் குத்தகைக்காரன்னு சொல்லு. நானே ஒத்துக்கறேன்."

அவருக்குத் தெரியும். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது ஊர் வழக்கம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்துவிட்டுச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அணைக்காதவன் சொல் செல்லாது. பொய்யாக அணைத்தால் பிடாரி குடும்பத்தையே வாங்கிவிடும் என்று பயம். என் தகப்பனார் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் சூடம் இல்லை. நான் அணைக்கமாட்டேன் என்று தெரிந்தே கேட்கிறார். பொய் சொல் என்று மிரட்டினால் நான் மறுப்பேன், ஊர் பார்க்கும். உண்மையை அணைத்துச் சொல் என்றால் ஊர் எதைப் பார்க்கும்? நான் பின்வாங்குவதைத்தான்.

மாரியம்மன் கோயில் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாதவர்கள், இப்போது சாமி முன்னால் வா வா என்று கூப்பிடுகிறார்கள்.

வந்ததும் வீட்டுக்காரி சலோமியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "தொட்டு அணைச்சா கையி சுடும், அவ்வளவுதானே" என்றாள். இவள்தான் போன வருஷம் பொங்கல் பானைக்குப் பொட்டு வைத்ததற்காகத் தன் தங்கையோடு ஒரு மாதம் பேசாதவள்.


தை 9, வெள்ளி

பனி குறைவு. எருமை தீனி எடுக்கவில்லை. வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தேன்.

உபதேசியார் வந்தார். எங்கள் சபையை நடத்துகிறவர், நல்ல குரல், ஆள் இளசு. சபைக் கமிட்டியில் என் பெயரை விட்டது இவர்தான். அதை அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

தரங்கம்பாடியில் என் தங்கை இருக்கிறாள். அவளைப் பார்த்து எத்தனை காலமாயிற்று? அடுத்த வாரம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் என்ன? நான் ஊரில் இல்லாவிட்டால் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, சூடமும் அணைக்க வேண்டியதில்லை. சமாதானம்.

அறுவடை நேரத்தில் யாராவது தங்கை வீட்டுக்குப் போவார்களா என்று கேட்டேன். அது அவருக்குத் தோன்றவில்லை. படித்தவர்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொன்னார். கூரை வீடுகள், வறண்ட காற்று, கிழக்கே ஆட்களைக் குடிசையோடு கொளுத்தியது யாருக்கும் மறக்கவில்லை என்றார். சலோமி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் இரண்டு குடம் தண்ணீர் எடுத்துவந்து கதவோரம் வைத்தாள்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத நினைத்தேன். யாரும் படிக்காத இடத்தில் எதற்கு? பயம்தான்.


தை 11, ஞாயிறு

ஆராதனை. மழை நாளைப்போல் பாதிக் கூட்டம். வானத்தில் மேகமே இல்லை. என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

மத்தியானம் வாசலில் நிழல். சாமிக்கண்ணு. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. இவ்வளவு வருஷம் கழித்து முதல் பேச்சு.

"அண்ணே. சூடத்த அணைச்சிரு."

நான் எழுந்திருக்கவில்லை. குத்தகைக்காரன் என்று சொல்வேன், சாவடியிலும் சொல்வேன், எங்கேயும் சொல்வேன் என்றேன். அணைக்கமாட்டேன்.

அணைக்காமல் சொன்னால் அது சொல்லே இல்லை என்றான். மனு கொடுத்த மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் திருப்பி வாங்கிக்கொண்டதைச் சொன்னான். பெரிய பெண்ணுக்குச் சம்பந்தம் பேசியிருப்பதைச் சொன்னான். நிலம் போனால் அந்தச் சம்பந்தமும் போகும். எல்லாம் மெதுவான குரலில். கடைசியில்தான் குரல் ஏறியது.

"ஒன் சாமிக்காக என் நெலம் போவணுமா?"

அவன் போன பிறகு ஒரு பதில் தோன்றியது, சத்தியத்துக்கே ஒரு பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் அது எத்தனை நாள் நிற்கும் என்று. நல்ல பதில்தான். நிலம் போகிறவனிடம் சொல்ல முடியாத பதில்.

சலோமியும் அவன் பக்கம். மனதில் ஆண்டவரை நினைத்துக்கொண்டு அணைத்தால் அவருக்குத் தெரியாதா என்கிறாள். தெரியும். ஊருக்கு? பிடாரி சாட்சியாக ஞானமுத்து சொன்னான் என்றுதான் ஊர் பேசும். என் தகப்பனார் மாட்டுக்கொட்டகையில் கட்டிவைத்து அடிக்கப்பட்டதும் இதற்காகத்தான்: கும்பிடு என்றதற்குக் கும்பிடமாட்டேன் என்றார். அவர் முதுகில் பார்த்ததை நான் மறந்தால்தான் அணைக்க முடியும்.

இது ஆண்டவருக்காகவா, என் பிடிவாதத்துக்காகவா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் நெடுங்காலம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.


தை 13, செவ்வாய்

எருமை தேறிவிட்டது. அரிவாளுக்குப் பிடி போட்டாயிற்று, புங்க மரம்.

கோ.ராசு மறுபடி. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. நாளைக்கு நீ வராவிட்டாலும் சரி, வந்து அணைக்காவிட்டாலும் சரி, இரண்டும் ஒன்றுதான். கூலி ஆள் என்று ஊர் முடிவு செய்துவிடும், தாசில்தார் அதையே எழுதிக்கொண்டு போவார். ஆனால் வந்து ஏதாவது பேசினால் மனையைக் காலி செய்துவிடு. இது பண்ணையார் சொன்னது.

"நீ என்னா சொல்ற, கோவிந்தராசு? ஒனக்குத் தெரியாதா அவன் யாருன்னு?"

"நான் சொல்றதுக்கு என்னா இருக்கு. சொல்லச் சொன்னதச் சொல்றேன்." மண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

சலோமி சாக்கில் கட்டியவை: பித்தளைக் குண்டான் இரண்டு. அம்மிக் குழவி (அம்மி தூக்க முடியாது). என் சட்டைகள். அவள் கல்யாணச் சேலை. வேதம். விதைநெல் ஒரு மரக்கால். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, அது ஒங்களுக்குத்தான் தெரியணும் என்றாள்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. நாளைக்கு நாக்கு குழறாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.


தை 14, புதன்

முடிந்தது. மறப்பதற்குள் எழுதவேண்டும்.

பிற்பகல். பிடாரி கோயில் திடலில் ஊர் மொத்தமும். மேலத்தெரு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், விவசாயச் சங்கத்து ஆட்கள் புளியமரத்தடியில் செங்கொடியோடு. பண்ணையாருக்கு நாற்காலி. கர்ணம் பக்கத்தில். உபதேசியாரும் வந்திருந்தார், எதிர்பார்க்கவில்லை. முகம் வெளுத்து, ஆனாலும் என் பக்கத்திலேயே நின்றார். சபைக் கமிட்டி விஷயத்தை இனிப் பேசப்போவதில்லை.

பூசாரி தட்டில் சூடம் வைத்துக் கொளுத்தினார். தட்டை என் முன்னால் நீட்டினார்.

அணைக்கமாட்டேன் என்றேன். ஆனால் சொல்கிறேன் என்றேன். நாக்கு குழறவில்லை. "சாமிக்கண்ணு கூலி ஆளு இல்ல. குத்தகைக்காரன். உழுதவன், நட்டவன், பண்ணைக்கு நெல்லு அளந்தவன். என் கண்ணால பாத்தது. நான் ஆமான்னா ஆமா. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மேலத்தெருவில் யாரோ: "சூடத்தத் தொட பயம். வாய் மட்டும் மொழ நீளம்." அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலேயும் ஒன்றிரண்டு பேர். சாமிக்கண்ணு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் போய்விட்டது. பண்ணையாரைப் பார்த்துக் கேட்டேன். நான் யோசித்து வைத்த பேச்சு இல்லை இது.

"எனக்கும் சாமிக்கண்ணுக்கும் வரப்புத் தகராறு வந்தப்ப ஐயாதான் பஞ்சாயத்துல உக்காந்தீங்க. சாமிக்கண்ணு தன் செலவுல புது வரப்பு போட்டுக் குடுக்கணும்னு தீர்ப்பு சொன்னீங்க. இங்க இருக்கிற பாதிப் பேரு அன்னக்கி இருந்தவங்க. கூலி ஆளு எதுக்குங்க ஐயா தன் செலவுல வரப்பு போடணும்? நான் எதுக்குக் கூலி ஆளோட இத்தன வருஷம் பகை வச்சிருக்கணும்?"

இரண்டாவது சிரிப்பு. அதே மேலத்தெருப் பக்கம்தான், முதலில் சிரித்த அதே வாய்கள். எங்கள் சண்டை ஊருக்கே கூத்தாக இருந்தது, யாருக்கும் மறக்கவில்லை. கர்ணம்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

பண்ணையார் சிரிக்கவில்லை. "பேச்சு வேற. சத்தியம் வேற. சூடத்துக்குப் பயப்படுறவன் சொல்லு ஊருக்கு ஆவாது" என்றார். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் சொன்னதுதான் ஊர் வழக்கம். அதற்கு எதிராக யாரும் பேசமுடியாது. முடிந்தது, நிலம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பூசாரி தட்டை ஏந்தியபடியே நின்றார். சூடம் பாதி எரிந்திருந்தது. நான் சொன்னேன்: "இது உங்க சாமி, உங்க வழக்கம். என்னுது இல்ல. கூலி ஆளுன்னு சொல்றவங்க அணைச்சுச் சொல்லட்டும். அப்புறம் நான் வாயே தெறக்கல."

எல்லோரும் பண்ணையாரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"கோவிந்தராசு. போயி அணைடா."

கோ.ராசு வந்தான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். கையை நீட்டினான். தீக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கை நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சூடம் எரிந்து தானாக அணைந்தது.

பூசாரி பண்ணையாரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். இன்னொரு கட்டி வைத்துக் கொளுத்தினார்.

இந்தத் தடவை கோ.ராசு கையை நீட்டவே இல்லை. "என்னால முடியாதுங்க. நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னான், மூட்டை தூக்க முடியாது என்கிற மாதிரி.

இரண்டாவது சூடமும் யாரும் தொடாமல் எரிந்து தீர்ந்தது. தீரும் வரை யாரும் நகரவில்லை. எங்கள் சபையாரைத் தவிர எல்லோருக்கும் அது சாமி. என்னாலும் அந்த நேரம் தலை நிமிர்த்த முடியவில்லை.

பண்ணையார் எழுந்து காருக்குப் போனார். கதவைச் சாத்திய சத்தம் மட்டும். பிறகு ஆளாளுக்குப் பேச்சு. சங்கத்து ஆட்கள் கோஷம் போட ஆரம்பித்தார்கள், பூசாரி கோயில் வாசலில் கத்தக்கூடாது என்று அதட்டினார், நிறுத்திவிட்டார்கள்.

நான் வாய்க்கால் கரைவரை நடந்தேன். அங்கே உட்கார்ந்துவிட்டேன். சலோமி பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க அப்பா இருந்திருக்கணும்" என்றாள்.


தை 15, வியாழன்

வெயில். நன்றாகத் தூங்கி எழுந்தேன். ஆட்கள் யாரும் வரவில்லை. தீயும் இல்லை. கதவோரம் இருந்த இரண்டு குடம் தண்ணீரில் சலோமி துணி துவைத்தாள்.

சாவடி. தாசில்தார் சின்ன வயசு, கடும் ஜலதோஷம், பேச்சுக்குப் பேச்சு மூக்கைச் சிந்தினார். சாமிக்கண்ணு பெயரை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். பண்ணை சார்பில் யாரும் இல்லை. கர்ணம் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தாசில்தார் என்னைப் பார்த்து, பக்கத்து வரப்புக்காரரா, இவர் சாகுபடி செய்வது உண்மையா என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த பெயர். இவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு.

மனுவைத் திருப்பி வாங்கிய மூன்று பேரும் மறுபடி கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

வெளியே வந்ததும் சாமிக்கண்ணு கூடவே நடந்தான். நன்றி சொல்லப்போகிறான், எப்படித் தவிர்ப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அந்த வரப்ப நான் வெட்டல. எலி வளை."

"வெட்டுனதுதான்."

"எலி வளைண்ணே."

"பஞ்சாயத்துல தீர்ப்பே ஆச்சு."

"அது பண்ணையாரு சொன்ன தீர்ப்பு. அவரு சொன்னதெல்லாம் நெசமா?"

பாலம் வரை வாதாடிக்கொண்டே வந்தோம். பேசாமல் இருந்ததற்கு இது தேவலை.

சாக்கைச் சலோமி அவிழ்த்துவிட்டாள். குழவியை அம்மிமேல் வைக்கும் சத்தம் கேட்டது. மனையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒருநாள் பேசுவார்கள். இன்றைக்கு இல்லை.


தை 16, வெள்ளி

மன்னார்குடி போக பஸ்ஸுக்கு நின்றேன், மண்ணெண்ணெய்க்கு. அங்கே கோ.ராசு. கையில் ஒரு பை. பண்ணைக்கு இனி வரவேண்டாம் என்று புதன்கிழமை சாயங்காலமே சொல்லிவிட்டார்களாம். மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கிற வேலை கேட்கப் போகிறான். அவன் அப்பா காலத்திலிருந்து பண்ணையில் இருந்த குடும்பம்.

என்னால் அவனை நேரே பார்க்க முடியவில்லை. சூடத்தை அவன் பக்கம் திருப்பியது நான். என் கழுத்தில் இருந்த சுருக்கை எடுத்து அவன் கழுத்தில் போட்டமாதிரி ஆயிற்று. இரண்டு நாளாக இது உறுத்தல். சொன்னேன்.

"அட, நீ வேற" என்றான். "எங்க அப்பா ஒருதரம் பண்ணைக்காவ பொய்யா அணைச்சாரு. அந்த வருஷமே தங்கச்சி." மேலே சொல்லவில்லை. "நேத்து ராத்திரி நல்லா தூங்கனேன். என் பொண்டாட்டிதான் தூங்கல."

"பெரிய தைரியம்தான் ஒனக்கு."

"தைரியம் எங்க. பயம். அவருக்குப் பயந்தேன், பிடாரிக்கு அதவிட பயந்தேன்."

எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். சாமி மட்டும் வேறு. பஸ் வந்தது. அவன் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்தான். மன்னார்குடி வரை நெல் விலையைப் பற்றிப் பேசினோம்.

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.


தை 17, சனி

காலையில் வயலைச் சுற்றி வந்தேன். திங்கட்கிழமை அறுப்பு. ஆள் எட்டு, சொல்லியாயிற்று.

கோ.ராசுக்கு ஆலையில் வேலை கிடைத்ததா தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை விசாரிக்கச் சொன்னேன்.


தை 18, ஞாயிறு

ஆராதனைக்கு நிறையக் கூட்டம். என் பெஞ்சில் இடமில்லை. சாமிக்கண்ணு பெண்டாட்டி பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள், சும்மா பார்க்க வந்தேன் என்றாளாம் சலோமியிடம்.

உபதேசியார் முடிவு ஜெபத்தில், வல்லவர்கள் முன்னால் எங்கள் சகோதரன் ஞானமுத்துக்குக் கொடுத்த தைரியத்துக்காக என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் பேசக்கூடாது, தெரியும். எழுந்துவிட்டேன்.

என் பக்கத்தில் நீங்க நின்னீங்க என்று அவரிடம் சொன்னேன். மரத்தடியில் சங்கம் நின்றது. என் மூன்று மா சபையுடையது, அதைப் பண்ணையால் தொட முடியாது. பண்ணைக் காரியக்காரனுக்கு யார் இருந்தார்கள்? ஒருத்தரும் இல்லை. கூலி கொடுக்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்க, தனியாக நின்று முடியாது என்றவன் அவன். பெயரைச் சொல்வதானால் கோவிந்தராசு பெயரைச் சொல்லுங்கள்.

சபையில் முணுமுணுப்பு. அவன் நம் ஆள் இல்லையே என்று முன்பெஞ்சில் ஒரு குரல். அவன் பிடாரிக்குப் பயந்தவன் என்று இன்னொன்று. உபதேசியார் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு பெயரைச் சொன்னார். கோவிந்தராசு. அவன் வீடு, பெண்டாட்டி, பிள்ளைகள், கிடைக்கப்போகிற வேலை, ஒவ்வொன்றாக. ஆமென் என்று சொன்னதில் சலோமி குரல்தான் பெரிதாகக் கேட்டது.

வெளியே வந்தால் வெயில் சுள்ளென்று. கதிருக்கு நல்ல காய்ச்சல். அறுப்புக்கு இதுதான் வேண்டும். நாளைக்கு விடியுமுன் வயலில் இறங்கவேண்டும்.